ஊதா மையும் ஒரு புட்டி கிளிசரினும்

பாகூர் ஏரி மதகில் நடந்த அடிதடியில் ஒருவருக்கு மண்டை உடைந்தது. அதற்குக் காரணம் என் கையெழுத்து என்று சொன்னார்கள்.

எந்த ஊர் வயலுக்கு எந்தக் கிழமை தண்ணீர் என்று எழுதி, கொம்யூனில் உள்ள ஊர்களுக்கெல்லாம் மேரியிலிருந்து நோட்டீசு அனுப்புவோம். கொம்யூன் என்றால் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் பல ஊர்கள் சேர்ந்த வட்டாரம், மேரி என்றால் அதன் அலுவலகம். அந்தத் தை மாதம் போன நோட்டீசில் கிழமை இருக்க வேண்டிய இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு கசிவுதான் இருந்தது. ஒரு ஊருக்குச் செவ்வாய், அடுத்த ஊருக்கு வெள்ளி என்று நான் எழுதியிருந்தேன். இரண்டு ஊர்க்காரர்களும் அதைச் செவ்வாய் என்று படித்து, ஒரே விடியற்காலையில் மண்வெட்டியோடு மதகுக்கு வந்துவிட்டார்கள்.

நான் அப்போது அங்கே எழுத்தன். வயது இருபத்தைந்துக்குள். பிரெஞ்சும் தமிழும் கோணாமல் எழுதுவேன் என்பதால் கிடைத்த வேலை. எழுதுவது நான் என்றாலும் நகல் எடுப்பது ஒரு தட்டு. விளிம்பு வைத்த தகரத் தட்டு. அதில் ஜெலத்தினையும் கிளிசரினையும் காய்ச்சி ஊற்றினால் பனங்கூழ் மாதிரி உறைந்து நிற்கும். ஊதா மையில் எழுதிய தாளை அதன்மேல் கவிழ்த்து அழுத்தி எடுத்தால் எழுத்து கூழில் இறங்கிவிடும். பிறகு வெள்ளைத் தாளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து எடுக்க எடுக்க நகல் வந்துகொண்டே இருக்கும். அச்சுத்தட்டு என்று சொல்வோம். நன்றாக இருந்தபோது கொம்யூன் முழுமைக்கும் போதுமான நகல் கொடுத்த தட்டுதான். மார்கழி பிறந்ததிலிருந்து அதற்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. எழுத்து பரவியது. சில நாள் தாளோடு கூழும் பிய்ந்துகொண்டு வந்தது. ஓரமெல்லாம் பூசணம்.

மேரியின் காரியதரிசியான செக்ரெத்தேர் டவுனிலிருந்து வந்தவர். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டும், மடியில் சாவிக்கொத்துமாக இருப்பார். அலுவலகத்துக்குப் பின்கட்டில்தான் அவர் வீடு. மதகுச் சண்டை நடந்த மறுநாள் என்னையும் பியூனையும் எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டு, எங்கள் இருவர் கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தட்டு தானா கெடாது. எவனோ கெடுக்குறான்," என்றார்.

கொம்யூனில் அப்போது இரண்டு கட்சி. கொம்யூன் தலைவரான மேரின் கட்சி ஒன்று, அவரை இறக்கப் பார்த்த கட்சி மற்றொன்று. நோட்டீசைக் கெடுத்து மேருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தர எதிர்க்கட்சிக்காரர்கள் யாரையோ பிடித்திருக்கிறார்கள் என்பது செக்ரெத்தேரின் முடிவு. அந்த யாரோ பியூன்தான் என்று அவர் மனத்தில் விழுந்துவிட்டது. பியூன் என்னைவிடப் பத்து வயது மூத்தவன். கூலி வேலைக் குடும்பம், கிறிஸ்தவன். ஜெலத்தின் எலும்பில் காய்ச்சியது என்று கேள்விப்பட்டதிலிருந்து செக்ரெத்தேர் அதன் பக்கத்திலேயே வரமாட்டார். கொல்லையில் மூன்று செங்கல்லை வைத்து அதைக் காய்ச்சும் வேலை எப்போதும் பியூனுடையது. அவன் கை பட்ட இடத்தில் கெடுதல் வந்திருக்கிறது, அவ்வளவு போதும் அவருக்கு.

"நான் கிண்டுறதோட சரிங்க. அதுல இன்னா கலக்கறாங்கன்னுகூட எனக்குத் தெரியாது," என்றான் பியூன்.

"தெரியாதவன் ஏன் இவ்வளோ நடுங்குற?" என்றார் செக்ரெத்தேர்.

கெடுதல் எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். பியூன்மேல் இரக்கம் என்று மட்டும் சொல்லமாட்டேன். அவனுக்கு அடுத்து சந்தேகம் விழ வேண்டிய ஆள் நான்தான்.

ஒரே சமயத்தில் பல காரியங்களை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும். ஆகையால் ஒவ்வொன்றாக மாற்றினேன். முதலில் தாள். பழைய கட்டிலிருந்து ஒன்று, புதிய கட்டிலிருந்து ஒன்று. இரண்டிலும் எழுத்து ஒரேபோலப் பரவியது. அப்புறம் மை. சாயப் பொடியை நானே புதிதாகக் கரைத்து எழுதிப் பார்த்தேன், வித்தியாசமில்லை. பேனா முள்ளை மாற்றினேன். தாளை அழுத்தி வைக்கும் நேரத்தைக் குறைத்தேன், கூட்டினேன். தட்டைத் துடைக்கும் பஞ்சை வெந்நீரில் அலசினேன். கிணற்றுத் தண்ணீருக்குப் பதில் கோயில் குளத்துத் தண்ணீரில் ஜெலத்தினை ஊறவைத்தேன். செக்ரெத்தேர் குடையைக் கால்களுக்கிடையே ஊன்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் கை போகும் இடமெல்லாம் கண்ணை அனுப்பிக்கொண்டிருந்தார். நான் மூக்கைச் சொறிந்தால்கூட, "இன்னாத்த எடுத்த?" என்பார்.

மிச்சம் இருந்தது கிளிசரின். பீரோவில் திறந்த புட்டி ஒன்றும், அரக்கு உடைக்காத புதுப் புட்டி ஒன்றும் இருந்தன. இரண்டும் பழுப்புக் கண்ணாடி. புதுசையும் திறக்க வேண்டும் என்றேன்.

"அதையும் கெடுக்கப் பாக்குறியா?"

"நீங்களே ஒடைங்க முசே. நீங்களே ஊத்துங்க."

அவரே உடைத்தார். இரண்டு சாசரில் கூழ் ஊற்றினோம். அதே ஜெலத்தின், அதே தண்ணீர், அதே அடுப்பு. ஒன்றில் பழைய புட்டி, மற்றொன்றில் புதுப் புட்டி. மறுநாள் காலையில் இரண்டிலும் என் பெயரை எழுதி ஒற்றினேன். புதுப் புட்டியின் கூழில் எழுத்து ஊசி முனையாக வந்தது. பழைய புட்டியில் என் பெயர் சாணியில் மிதித்த கோலம் மாதிரி கிடந்தது.

பழைய புட்டியிலிருந்து ஒரு சொட்டை விரலில் தொட்டு உருட்டிப் பார்த்தேன். கிளிசரினுக்கு உள்ள வழுவழுப்பு பாதிகூட இல்லை. நாக்கில் வைத்தேன். இனிப்பு சப்பென்றிருந்தது. யாரோ தண்ணீர் கலந்திருக்கிறார்கள்.

செக்ரெத்தேர் முகத்தில் சந்தோஷம் மாதிரி ஒன்று ஓடியது. "நான் சொன்னேனா இல்லியா?" என்றார்.

நான் புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அதில் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு முறை எடுத்துக் கொடுத்த பிறகும் மட்டம் எங்கே நிற்கிறது என்று செக்ரெத்தேர் அதில் பென்சிலால் கோடு போட்டு வைப்பார். கடைசிக் கோட்டில் அப்படியே நின்றது மட்டம். எடுத்தவர் யாரோ, எடுத்த அளவுக்குத் தண்ணீர் விட்டுக் கோட்டைச் சரிசெய்திருக்கிறார். பீரோ பூட்டியே இருக்கும். சாவி செக்ரெத்தேர் மடியில். அடுப்படியில் நிற்கும் பியூனுக்கு அந்தப் புட்டி தனியாகக் கையில் கிடைத்ததே இல்லை.

இதைச் சொன்னேன். "சாவி ஒங்ககிட்டதானே முசே இருக்குது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னையே சொல்றியா?"

மேர் கரும்பு வெட்டு விஷயமாக வெளியூர் போயிருந்தார். திங்கட்கிழமை அவர் வந்ததும் பியூனை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கப் போவதாகச் செக்ரெத்தேர் சொன்னார். பியூன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அன்று மாலை போகும்போது அவன் என்னிடம்கூட சொல்லிக்கொண்டு போகவில்லை.

எனக்கு அப்போது யாரையும் நம்ப முடியவில்லை. செக்ரெத்தேரே டவுனில் கிளிசரினை விற்கிறாரோ என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம், பியூன் எப்படியாவது சாவியைக் களவாண்டிருப்பானோ என்றும் நினைத்தேன். அதனால் யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். பழைய புட்டியைத் திருப்பி வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தபோது, மை கரைக்கும் ஊதாப் பொடியில் குண்டூசித் தலையளவு நகத்தில் எடுத்து உள்ளே உதறி, குலுக்கி வைத்துவிட்டேன். பழுப்புக் கண்ணாடியில் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தச் சாயம் தோலில் ஏறினால் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் நாலு நாளைக்குப் போகாது. திங்கட்கிழமைக்குள் யார் கை ஊதாவாகிறதோ பார்ப்போம் என்று இருந்தேன்.

சனிக்கிழமை ஒருவர் கையிலும் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பியூன் மாதா கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் நின்று அவன் கையைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அவனும் நான் பார்ப்பதைப் பார்த்தான்.

திங்கட்கிழமை விடிந்ததும் மேரிக்குப் போனேன். முன்பக்கம் பியூன் பெருக்கிக்கொண்டிருந்தான். குடத்தில் தண்ணீர் எடுக்கக் கொல்லைப் பக்கம் போனேன். செக்ரெத்தேர் வீட்டுச் சமையற்கட்டுப் படியிலிருந்து கிணறுவரை சுண்ணாம்புத் தளம். அந்த வெள்ளைத் தளத்தில் ஈரக் காலடிகள் வரிசையாகப் போயிருந்தன. சின்னக் காலடிகள். விரல் பதிந்த இடத்தில் வெறும் ஈரம். குதிகால் பதிந்த இடத்தில் ஊதா.

கிணற்றடியில் செக்ரெத்தேரின் மனைவி ஒரு காலைத் தூக்கிக் கல்லின்மேல் வைத்து, உள்ளங்காலைப் பார்த்தபடி நின்றிருந்தார். செக்ரெத்தேருக்கு இரண்டாம் தாரம். என் மனைவி வயதுதான் இருக்கும். அதுவரை நான் அவரிடம் இரண்டு வார்த்தை பேசியதில்லை.

"இன்னாங்க இது? தண்ணி பட்டதும் கால்லாம் ஊதாவா ஊறுது. எதுனா நோவா?" என்றார்.

"புட்டியிலேர்ந்து எடுத்தீங்களாம்மா?" என்றேன்.

அவர் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டார். "மார்கழிப் பனியில காலு பொளந்து ரத்தம் வந்துச்சு. மாத்தா ஆசுபத்திரியில கிளிசரின் போட சொன்னாங்க. இவருகிட்ட எப்படிங்க கேக்கறது? வெளக்கெண்ணெ புட்டியிலகூட கோடு போட்டு வெச்சிருக்காரு. ஒரு கரண்டி கொறஞ்சா எவனுக்குக் குடுத்தேன்னு கேப்பாரு. அவரு இருட்டோட குளிக்கப் போறப்ப சாவியக் கழட்டி வெப்பாரு. அப்ப எடுத்துத் துணியால கால்ல பூசிக்கிட்டேன். கொறஞ்சது தெரியக்கூடாதுன்னு தண்ணி ஊத்தி வெச்சேன்."

"அதுனாலதான் தட்டு கெட்டுப்போச்சும்மா. பியூனைத் தள்ளப் போறாங்க, தெரியுமா?"

தெரியாது என்று தலையை ஆட்டினார். கண்ணில் நீர் தளும்பியது. "நான் சொல்லிடறேங்க," என்றார். சொன்னார், ஆனால் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. உள்ளேயிருந்து செக்ரெத்தேர் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கே அந்த அம்மாள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

அவசரத்தில் அந்த அம்மாள் தடத்தை அழிக்க வாளித் தண்ணீரைத் தளத்தில் ஊற்றினார். அது பெரிய தப்பாகிவிட்டது. ஒவ்வொரு குதிகால் தடமும் தாம்பாளம் அகலத்துக்கு விரிந்தது.

நான் உள்ளே ஓடினேன். மேசைமேல் நோட்டீசுக்காகக் கரைத்து வைத்த பெரிய மைப்புட்டி இருந்தது. எடுத்துவந்து சமையற்கட்டுப் படியடியில் போட்டு உடைத்தேன். ஊதா ஆறு மாதிரி ஓடியது. அதில் நானும் வெறுங்காலோடு நடந்து கிணற்றுப் பக்கம் போனேன். கதவு திறந்தது.

செக்ரெத்தேர் தளத்தைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். மனைவியின் காலைப் பார்த்தார்.

"மைப்புட்டிக்குக் கொல்லையில இன்னா வேலை?"

"வாயில கட்டி கட்டியிருந்துச்சு முசே. கழுவலாம்னு எடுத்தாந்தேன். கை வழுக்கிருச்சு."

"நீ ஏண்டி அதுல மிதிச்ச?"

"தண்ணி மொள்ள வந்தேங்க. பாக்காம மிதிச்சுட்டேன்," என்றார் அந்த அம்மாள், தலை நிமிராமல்.

அவர் குனிந்து காலடிகளை ஒவ்வொன்றாகப் படியிலிருந்து கிணறுவரை பார்த்துக்கொண்டே போனார். திரும்பிவந்தார். படியடியில்தான் புட்டி உடைந்திருந்தது. தடங்களும் அங்கிருந்துதான் கிளம்பின. அவருக்குக் குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. கொல்லைக் கதவைப் பார்த்தார். அது வெறுமனே சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை.

"இந்த வழியாதான் மை வெளிய போகுதா?" என்றார். "அந்தக் கட்சிக்காரனுங்க நோட்டீசு அடிக்கிறதுக்கு எங்க மை! அப்ப கிளிசரினும் நீதான்."

எனக்கு வாய் வரைக்கும் பதில் வந்தது. கிணற்றடியில் நின்ற அந்த அம்மாளின் குதிகால் என் கண்ணில் பட்டது. பதிலை விழுங்கிக்கொண்டேன்.

மேர் வந்து விசாரித்தார். பெரிய நிலக்காரர், சச்சரவென்றால் அவருக்குப் பிடிக்காது. பியூன்மேல் எழுதியிருந்த காகிதத்தைச் செக்ரெத்தேரே கிழித்துவிட்டு, என்மேல் வேறொன்று எழுதியிருந்தார். சாட்சி ஒன்றும் இல்லை என்று மேருக்குத் தெரியும். நெட்டப்பாக்கம் மேரியில் ஓர் எழுத்தன் இடம் காலியாக இருந்தது. "அங்க போய் இருப்பா. இவருக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி," என்றார். என் மனைவி பக்கத்து மடுகரையில் பிறந்தவள் என்று தெரிந்ததும், மாமியார் வீட்டுக்குக் கிட்டே போவதற்காகத்தான் நான் இவ்வளவையும் செய்தேன் என்று செக்ரெத்தேருக்குப் புதிதாக ஒரு சந்தேகம் வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அன்று வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் பியூன் நின்றிருந்தான்.

"நீங்க புட்டிய போட்டு ஒடச்சத நான் பாத்தேங்க. கை வழுக்கல," என்றான்.

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"எடுத்தது நீங்கன்னா மொதல்லியே சொல்லியிருக்கலாம். ஊரெல்லாம் என்னத் திருடன்னு பேசிட்டாங்க. என் பொண்ண கேக்க வந்தவங்க திரும்பிப் பூட்டாங்க."

உண்மையைச் சொன்னால் அது எப்படியும் அந்தப் பின்கட்டுக்குப் போய்ச் சேரும். "எல்லாம் சரியாயிடும்," என்று மட்டும் சொன்னேன். அவன் என் ஊதாக் கால்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வீட்டில் என் மனைவி நான் படியேறும்போதே பார்த்துவிட்டாள். மை கொட்டிவிட்டது என்றேன். மாற்றல் என்றேன். மை கொட்டியதற்கா மாற்றல் என்று கேட்டாள். அவளிடம் மறைக்க எனக்குத் தைரியமில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அடுத்தவன் பொண்டாட்டி குதிங்கால் வெடிச்சிருந்தது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அவங்களே சொன்னாங்க."

"கேட்டதும் சொல்லிட்டாங்களா?"

அன்று சோறு போட்டாள், பேச்சில்லை. மறுநாள், ஊரைவிட்டுப் போகிறோம், சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று செக்ரெத்தேர் வீட்டுக்குப் போனாள். போன காரணம் எனக்குத் தெரியும். வெகுநேரம் கழித்து வந்தாள். நேராக அடுக்களைக்குப் போய், கொட்டாங்கச்சியில் விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைத்துச் சுடவைக்க ஆரம்பித்தாள்.

"ரெண்டு விரல் நுழையும்போல பொளந்திருக்குது. எப்பிடித்தான் நடக்குதோ அந்தப் பொண்ணு," என்றாள் என்னைப் பார்க்காமல். நாங்கள் வண்டி ஏறும்வரை தினமும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதன் பிறகு மடுகரையிலிருந்து பாகூர் போகிறவர்கள் கையில் சின்னப் புட்டியில் அடைத்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

ஆகவே பாகூரில் யாரும் புட்டியைத் தொடவில்லை. அச்சுத்தட்டு சரியாகிவிட்டது. எழுத்து மணிமணியாக வருகிறது, கிழமை பளிச்சென்று தெரிகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. செக்ரெத்தேர் மாற்றிப் பார்த்தது என்னை ஒருவனைத்தான். நான் போனதும் கெடுதல் நின்றுவிட்டது. தாளையும் மையையும் நான் சோதித்த அதே முறைதான். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அந்த முடிவுக்குத்தான் வந்திருப்பேன்.

நெட்டப்பாக்கத்தில் என்னைப் பற்றிய பேச்சு எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே பல வருஷம் கிளிசரின் புட்டி என் கைக்கு வந்ததில்லை. வேண்டிய அளவை வேறொருவர் ஊற்றி, கிண்ணத்தில் கொண்டுவந்து தருவார்.

செக்ரெத்தேர் காலமான பிறகு, உலக யுத்தம் முடிகிற சமயத்தில், ஒரு மத்தியானம் பியூன் எங்கள் வீட்டுக்கு வந்தான். தலை நரைத்திருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அந்தம்மா டவுனுக்கு அவங்க அண்ணன் வூட்டுக்குப் போறாங்க. போறதுக்கு முன்ன கூப்ட்டு அனுப்பிச்சாங்க. எல்லாம் சொன்னாங்க. நான் நம்பல. ஒங்க வாயால கேக்கலாம்னு வந்தேன்."

"அவங்க சொன்னது நெசந்தான்," என்றேன்.

அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு அடுக்களை வாசலில் நின்ற என் மனைவியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

"அந்தம்மாவக் காப்பாத்துனீங்க. நல்லதுதான்," என்றான். "எங்கிட்ட மட்டும் காதோட சொல்லியிருந்தா நான் யாருகிட்டங்க போய் சொல்லப் போறேன்? என்னையும்தானே சந்தேகப்பட்டீங்க? கோயில் வாசல்ல வந்து கையப் பாத்தீங்களே."

"ஆமாம், பட்டேன்," என்றேன்.

என் மனைவி இலை போட்டாள். அவன் கொஞ்சம் தயங்கி, கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நானும் எதிரே உட்கார்ந்தேன். பெண்ணைத் திருக்கனூரில் கட்டிக் கொடுத்ததையும், மாப்பிள்ளை மாட்டு வியாபாரம் செய்வதையும் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். குழம்பு காரம் என்று இரண்டாம் தரம் மோர் வாங்கிக்கொண்டான். வெயில் தாழ்ந்ததும் கிளம்பினான். தெருமுனை வரை கூடவே நடந்தேன்.

"அடுத்த தரம் பொண்ணையும் கூட்டிட்டு வாங்க," என்றேன்.

"பாக்கலாங்க," என்றான்.